கோமாவில் முடிந்த கொலை

“இந்தக் கடைசி அத்தியாயம் என்னோடது இல்ல!”

நூருன்னிசா புத்தகத்தை மேசைமேல் அறைந்த வேகத்தில், அதீஃபின் கோப்பி தளும்பி அவன் சட்டையில் தெறித்தது.

“ஆன்ட்டி, இந்தச் சட்டை இன்னைக்குத்தான் போட்டேன் லா.”

“புதுசா?”

“இல்ல, துவைச்சு.”

சந்திரமதி உதவியாளனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் டிஷ்யூவைத் தேடி எழுந்து போனான்.

டன்லப் ஸ்ட்ரீட்டில், கைப்பேசி பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இருந்தது அவளுடைய துப்பறியும் அலுவலகம். அதைத் தொடங்கும் முன் அவள் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் பொய் விபத்துகளைத் தோண்டி எடுக்கும் வேலை பார்த்தவள். நிஜமாக விழுந்தவனையும் விழுந்ததாகச் சொல்பவனையும் பிரித்துப் பார்ப்பதில் அவளுக்கு நல்ல பழக்கம். ஆனால் தன் நாவலுக்கு யாரோ வேறு முடிவு எழுதிவிட்டார்கள் என்று ஒருவர் படியேறி வந்தது இதுவே முதல் முறை.

“ஆரம்பத்துல இருந்து சொல்லுங்கக்கா.”

நூருன்னிசா மூச்சு வாங்கிக்கொண்டார். மருத்துவமனையில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெம்பனிஸில் மகளோடு இருக்கிறார். அவர் எழுதிய துப்பறியும் நாவல்களுக்கு இந்தத் தீவில் விசுவாசமான வாசகர்கள் உண்டு. புதிய நாவலின் பெயர் ‘லிஃப்ட் நிற்காத மாடி’. தியாகு என்ற வயதானவர் அடுக்குமாடிப் படிக்கட்டில் விழுந்து இறந்துகிடக்கிறார். பழி துப்புரவுத் தொழிலாளிமேல் விழுகிறது.

“நான் எழுதினதுல, தியாகு விழுந்ததை அவரோட மைத்துனன் பார்க்கிறான். உயிர் இருக்கு. தூக்கி விடாம, ஆம்புலன்ஸைக் கூப்பிடாம, பேசாம இறங்கிப் போயிடுறான். அதுதான் கொலை. புத்தகத்துல என்ன வந்திருக்கு தெரியுமா?”

டிஷ்யூவோடு திரும்பியிருந்த அதீஃப் ஏற்கெனவே கடைசிப் பக்கத்தைத் திறந்திருந்தான். உரக்கப் படித்தான். “‘தியாகு கண்விழித்தார். மருத்துவமனைக் கட்டில். அத்தனையும் கோமாவில் கண்ட கனவு! அவர் மூக்கில் இருந்த குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மகளே, இரண்டு இட்லி கொண்டு வா என்று சிரித்தார்.’ அய்யோ.”

“காலமெல்லாம் வார்டுல நின்னவ நான். கோமாவுல இருந்து எழுந்தவன் உடனே இட்லி கேட்பான்னு நான் எழுதுவேனா?”

“சட்னியாவது கேட்டிருக்கலாம்,” என்றான் அதீஃப்.

“வெளியீட்டு விழாவுல முதல் அத்தியாயத்தை மட்டும்தான் வாசிச்சேன். மறுநாள் முஸ்கான்னு ஒரு வாசகி இணையத்துல எழுதிட்டா, ‘கோமா ஆன்ட்டி எங்களை ஏமாத்திட்டாங்க’ன்னு. இப்போ ஊரே அப்படித்தான் கூப்பிடுது. சரி, திட்டட்டும். தப்பா எழுதியிருந்தா வாங்கிக்கலாம். பதிப்பாளர் ரமணன் என்ன சொல்றாரு தெரியுமா? ‘நீங்க கொடுத்ததைத்தான் போட்டேன். வயசாயிடுச்சு, மறந்திருப்பீங்க.’ கையெழுத்துப் பிரதியைக் கேட்டா, தூக்கிப் போட்டாச்சாம். டைப் பண்ணின கவிப்ரியா ‘எனக்குத் தெரியாது ஆன்ட்டி’ன்னு போனை வச்சிட்டா.”

அவர் குரல் முதல் முறையாக இறங்கியது.

“என் மக மெமரி கிளினிக்ல அப்பாயின்ட்மென்ட் எடுத்துட்டா. நான் போக மாட்டேன். என் கதை எனக்கு வரிக்கு வரி தெரியும். சனிக்கிழமை தெம்பனிஸ் நூலகத்துல வாசகர் சந்திப்பு இருக்கு. வேணாம்னு எல்லாரும் சொல்றாங்க. நான் போகத்தான் போறேன். அதுக்குள்ள யார் மாத்தினான்னு எனக்குத் தெரியணும்.”

சந்திரமதி புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள்.

“கடைசி அத்தியாயத்தைத் தவிர வேற ஏதாவது மாறியிருக்கா?”

“இல்ல. ஒரே ஒரு வார்த்தை. அது அச்சுக்கோக்கிறப்ப மாறியிருக்கும், விடுங்க.”

“எந்த வார்த்தை?”

“மூணாவது அத்தியாயம். தியாகு படியில கிடக்கும்போது பக்கத்துல பிளாஸ்டிக் பையில கட்டின டீ உடைஞ்சு கிடக்கும். அதை மைலோ, அந்தச் சாக்லேட் பானம்னு போட்டிருக்காங்க.”

சந்திரமதியின் விரல் புரட்டுவதை நிறுத்தியது. மூன்றாம் அத்தியாயத்தைப் படித்தாள். பிறகு முன்னும் பின்னும் தேடினாள்.

“மேடத்துக்கு என்னமோ மாட்டிக்கிச்சு,” என்றான் அதீஃப். “முழு கிளைமாக்ஸே காணாமப் போச்சு. நீங்க டீயைத் தேடுறீங்க?”

“கிளைமாக்ஸை ஏன் மாத்தினாங்கன்னு நூறு காரணம் யோசிக்கலாம். ஒரு டீயை ஏன் மாத்தணும்?”

*

கவிப்ரியாவைப் பார்க்கச் சுவா சூ காங் போகும் ரயிலில் அதீஃப் தன் கண்டுபிடிப்புகளை வரிசையாக அவிழ்த்துவிட்டான்.

“ரமணனுக்கு ஒரு இரட்டைச் சகோதரன் இருக்கான். அவன்தான் மாத்தினது.”

“இல்ல.”

“அந்த முஸ்கான் உண்மையில ஒரு எழுத்தாளர். பொறாமை.”

“இல்ல.”

“அப்போ ஆன்ட்டியேதான். விளம்பரத்துக்காக. கடைசியில நம்மளைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பாங்க, கேமரா அப்படியே கண்ணுக்கு...”

“அதீஃப்.” சந்திரமதி திரும்பினாள். “ஒருத்தர் தன் புத்தி சரியாத்தான் இருக்குன்னு நிரூபிக்கப் போராடிட்டிருக்காங்க. கடைசியில அவங்களே குற்றவாளின்னு முடிக்கிறது புத்திசாலித்தனம் இல்ல, சோம்பேறித்தனம். நம்பி வந்தவங்களைக் கைவிடுற முடிவு எனக்குப் பிடிக்காது. கதையிலயும் சரி, கேஸ்லயும் சரி.”

அதீஃப் அடுத்த நிலையம்வரை வாயைத் திறக்கவில்லை. அவனைப் பொறுத்தவரை அது மன்னிப்புக் கேட்பது போல.

கவிப்ரியா வீட்டுக்குள் கூப்பிடவில்லை. தன் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்து, கல்மேசை அருகே நின்றபடி பேசினாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

“நான் டைப் பண்ணிக் கொடுத்ததோட சரி. அப்புறம் என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது.”

“முடிவைப் பத்தி நான் கேட்க வரலை,” என்றாள் சந்திரமதி. “மூணாவது அத்தியாயத்துல நீங்க டைப் பண்ணினது டீயா, மைலோவா?”

கவிப்ரியா கல்மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“மைலோன்னா வந்திருக்கு?”

“நீங்க அச்சான புத்தகத்தைப் பார்க்கலையா?”

“கடைசி அத்தியாயத்தைப் பார்த்தேன். அதுக்கு மேல படிக்க மனசு வரல.” அவள் முன்னால் சாய்ந்தாள். “மத்த இடத்துல?”

“மத்த இடத்துல எல்லாம் டீதான்.”

அந்தப் பெண் அழவில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். நெடுநாள் காத்திருந்த ஒரு பேருந்து வந்துவிட்டதைப் போல இருந்தது அவள் முகம்.

“ஆன்ட்டி எழுதினது என் போன்ல அப்படியே இருக்கு. டைப் பண்ணினப்பவே ஒரு காப்பி எடுத்து வச்சிட்டேன்.”

“அதை முதல் நாளே காட்டியிருந்தா அந்தம்மாவுக்கு இவ்வளவு அவமானம் இல்லையே லா!” என்றான் அதீஃப். அவன் குரலில் கேலி இல்லை.

“காட்டியிருந்தா, பதிப்பாளர் லே-அவுட்ல கோளாறுன்னு சொல்லி மறுபடி அச்சடிச்சிருப்பாரு. கதை முடிஞ்சிருக்கும். யாரு மாத்தினான்னு எல்லாரும் கேட்பாங்க. ஏன் மாத்தினான்னு ஒருத்தராவது கேட்கணும்னு காத்திருந்தேன்.” அவள் சந்திரமதியைப் பார்த்தாள். “சனிக்கிழமை அவர் நூலகத்துக்கு வருவாரு, புத்தகம் விக்க. அங்க அவர்கிட்ட அந்த ஒரு வார்த்தையைப் பத்திக் கேளுங்க. நானும் வர்றேன். அதுக்கு மேல இப்போ என்னைக் கேட்காதீங்க, ப்ளீஸ்.”

திரும்பும் வழியில் அதீஃப் சொன்னான்: “மேடம், சனிக்கிழமை ஒரு மைலோ டபாவ், பையில கட்டி வாங்கி, ரமணன் முன்னாடி தொங்கவிடலாமா? மூஞ்சி எப்படி மாறுதுன்னு பார்க்கலாம்.”

“வேணாம். கேள்வி கேட்டாலே போதும்.”

*

சனிக்கிழமை பிற்பகல். நூலக அறையில் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. முன்வரிசையில் முஸ்கான், நாவலின் கடைசிப் பக்கத்தில் மஞ்சள் ஒட்டுத்தாளோடு தயாராக இருந்தாள். பின்னால் யாரோ “இட்லி வந்திருச்சா?” என்று கேட்க, நாலு பேர் சிரித்தார்கள்.

பக்கத்துச் சிறிய அறையில் சந்திரமதி, அதீஃபோடு நூருன்னிசா நின்றுகொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு அவர் காதிலும் விழுந்தது. முக்காட்டைச் சரிசெய்து தலையை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார்.

ரமணன் மடிப்புக் கலையாத பூவேலைப் பாத்தேக் சட்டையில் உள்ளே வந்தார். குரலில் தேன் வழிந்தது.

“அக்கா, இன்னைக்கு நீங்க பேச வேணாமே. உடம்பு சரியில்லைன்னு நான் அறிவிச்சிடறேன். ஓய்வெடுங்க.”

“நான் செத்தப்புறம் ஓய்வெடுத்துக்கிறேன்.”

சந்திரமதி முன்னால் வந்தாள். “ரமணன் சார், நான் சந்திரமதி. துப்பறியும் வேலை செய்றேன். ஒரே ஒரு கேள்வி. முடிவைப் பத்தி இல்ல.”

கடைசி வார்த்தைகளைக் கேட்டதும் அவர் தோள்களின் இறுக்கம் தளர்ந்தது. “கேளுங்க.”

“மூணாவது அத்தியாயத்துல டீயை மைலோன்னு மாத்தினது நீங்கதானே?”

“ஓ, அதுவா.” அவர் சிரித்தார். “பிழை கண்ணுல பட்டா கை சும்மா இருக்காது. பதிப்புத் தொழில்ல அது ஒரு வியாதி.”

“என்ன பிழை?”

“அவர் டீ குடிக்க மாட்டாரே.”

“யார்?”

ரமணனின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. அதைத் தாங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று மட்டும் உள்ளே போய்விட்டது.

“அந்தப் பாத்திரம்... தியாகு.”

“தியாகு முதல் அத்தியாயத்துல டீ குடிக்கிறார். ரெண்டாவதுல மகளோட சண்டை போட்டுட்டு டீ வாங்கத்தான் கீழே இறங்குறார். அவர் போன பிறகு மேசையில ஆறிப்போன டீ இருக்கு. அதை எல்லாம் நீங்க தொடலை. விழுந்து கிடக்கிற அந்த ஒரு இடத்துல மட்டும் திருத்தியிருக்கீங்க. கதையில அது பிழை இல்ல சார். வேற எங்கேயோ, வேற ஒருத்தர் விழுந்து கிடந்ததை நீங்க பார்த்திருக்கீங்க. அங்க இருந்தது மைலோ.”

“என்ன உளறல் இது?”

“உளறல் இல்ல, சித்தப்பா.”

கதவருகே கவிப்ரியா நின்றுகொண்டிருந்தாள்.

நூருன்னிசா திடுக்கிட்டார். “சித்தப்பாவா?”

“என் அப்பா பேரு இராமசாமி, ஆன்ட்டி. இவரோட அண்ணன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் பதிப்பகத்தை நடத்தினாங்க. செம்பவாங்ல எங்க புத்தகக் கிடங்கோட பின்படியில விழுந்து அப்பா செத்துப்போனாரு. ஃபாரூக் அண்ணன்னு ஒருத்தர் கிடங்குல வேலை பார்த்தாரு. அவர்தான் முதல்ல பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாரு. அப்பா பக்கத்துல மைலோ கொட்டிக் கிடந்துச்சு. ஸ்ட்ரெச்சர் தூக்கி வர்றவங்க வழுக்கிடக் கூடாதேன்னு, பையை எடுத்துப் போட்டுட்டு படியைத் தண்ணி விட்டுத் துடைச்சிருக்காரு. அப்புறம் வந்து பார்த்த எல்லாரும் என்ன சொன்னாங்க? படி ஈரமா இருந்துச்சு, அதான் வழுக்கிச்சுன்னு. அதை முதல்ல சொன்னது இவர்.”

“ஃபாரூக் உண்மையைச் சொல்லலையா?” என்று கேட்டான் அதீஃப்.

“தடயத்தை அழிச்சேன்னு பிடிச்சிருவாங்களோன்னு பயம். வொர்க் பெர்மிட்ல இருந்தவர். வேலை போச்சு, ஊருக்கு அனுப்பிட்டாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி என்கிட்ட மட்டும் சொன்னாரு. அப்பா வயித்துப் புண்ணுக்காக அப்பத்தான் டீயை விட்டிருந்தாரு. கிடங்குல இருந்து கடை தூரம். அப்பாவுக்கு முழங்கால் வலி, அவரே நடந்து போய் வாங்கியிருக்க மாட்டாரு. யாரோ வாங்கிட்டு வந்திருக்காங்க.” அவள் ரமணனைப் பார்த்தாள். “நீங்க அன்னைக்கு முழுக்க சுவா சூ காங்ல எங்க வீட்டு ரிப்பேர் வேலையைப் பார்த்துக்கிட்டு இருந்ததா சொன்னீங்க.”

நூருன்னிசா மெதுவாகக் கேட்டார். “அப்போ, எங்கேயோ கேள்விப்பட்ட விஷயம்னு நீ எனக்குச் சொன்ன, நான் நாவலாக்கின கதை...”

“எங்க கதைதான், ஆன்ட்டி. இவர் படிச்சா என்ன செய்வாருன்னு பார்க்கணும்னு நினைச்சேன். மைலோன்னு மட்டும் நான் உங்ககிட்ட சொல்லவே இல்ல.”

“என் நாவலைத் தூண்டிலாப் போட்டிருக்கே. என்னைக் கோமா ஆன்ட்டின்னு கூப்பிட்டப்பவும் வாயைத் திறக்கலை.” முதியவரின் கண் சிவந்தது. “நேரா வந்து கேட்டிருந்தா நானே எழுதியிருப்பேன்டி. பேரைப் போட்டே எழுதியிருப்பேன்.”

கவிப்ரியா தலைகுனிந்தாள். “மன்னிச்சிருங்க.”

“அப்புறம் பார்க்கலாம். நீ கேட்க வந்ததைக் கேளு.”

ரமணன் கதவைப் பார்த்தார். அதீஃப் அதன்மேல் சாய்ந்து நின்றிருந்தான். “ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டு யாரும் எதையும் நிரூபிக்க முடியாது,” என்றார்.

“முடியாதுதான்,” என்று ஒப்புக்கொண்டாள் சந்திரமதி. “ஆனா எங்க தேடணும்னு அந்த வார்த்தை சொல்லிடுச்சு. அன்னைக்கு உங்க கார் செம்பவாங்ல எந்தக் கார்பார்க்குக்குள்ள போச்சுன்னு போலீஸ் கேட்டா, பதில் கிடைக்காம போகாது. முடிவை ஏன் மாத்தினீங்கன்னும் எனக்குப் புரியுது. சிரிப்பா முடிஞ்ச கதையை யாரும் திரும்பப் படிக்க மாட்டாங்க. எழுதினவங்களுக்கே மறதின்னு சொல்லிட்டா...”

“இல்ல.”

ரமணன் நாற்காலியில் உட்கார்ந்தார். பாத்தேக் சட்டை கழுத்தருகே நனைந்திருந்தது.

கவிப்ரியா அவர் எதிரில் போய் நின்றாள். “அப்பா உங்களைக் கூப்பிட்டாரா?”

அடுத்த அறையில் யாரோ ஒலிவாங்கியைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

“கூப்பிட்டார்,” என்றார் ரமணன்.

“கிடங்கை வித்திடலாம்னு பேசப் போனேன். சமாதானமாப் போகட்டும்னுதான் மைலோ வாங்கிட்டுப் போனேன். முடியாதுன்னுட்டார். நான் கோபமா இறங்கினேன். பின்னாடியே வந்தார், கையில அந்தப் பையோட. கால் இடறிடுச்சு. நான் தள்ளலை, சத்தியமா நான் தள்ளலை. படி ஈரமாகூட இல்ல, காய்ஞ்சுதான் இருந்துச்சு. ‘ரமணா’ன்னு கூப்பிட்டார். ஃபாரூக் உள்ள இருக்கான், அவன் வருவான்னு நினைச்சேன். அப்படி நினைச்சுக்கிட்டே போய்க் கார்ல ஏறிட்டேன்.” அவர் நூருன்னிசாவைப் பார்த்தார். “உங்க கடைசி அத்தியாயத்தைப் படிச்சப்போ எனக்குக் கை ஓடலை. மறைக்கணும்னு முதல்ல தோணலைக்கா. அவர் எழுந்திரிக்கணும்னு தோணுச்சு. எல்லாம் கனவு, யாரும் சாகலை, கண்ணைத் திறந்து இட்லி கேட்கிறார்னு எழுதினேன். அண்ணனுக்கு இட்லின்னா உயிர். எழுதி முடிச்சப்போ எனக்கு நல்லா இருந்துச்சு.”

அதீஃப் சாய்ந்திருந்த கதவை விட்டு விலகினான்.

நூருன்னிசா அவர் அருகே போனார். கோபம் தணிந்திருந்தது. உறுதி தணியவில்லை.

“ஆசைப்பட்டதை எழுதலாம், ரமணன். அதுக்கு உரிமை இருக்கு. ஆனா உங்க ஆசையை என் பேர்ல எழுதக் கூடாது. உங்க கண்ணுக்கு ஒரு மனுஷன் எழுந்துட்டான். ஃபாரூக்கை யாரு எழுப்புறது?”

*

ரமணன் மறுக்கவில்லை. சந்திரமதியும் கவிப்ரியாவும் அவரோடு காவல் நிலையத்துக்குப் புறப்பட்டார்கள். டாக்சிக்குக் காத்திருந்தபோது கவிப்ரியா ஃபாரூக்கின் ஊரான தொண்டிக்கு அழைத்தாள். மறுமுனையில் ஆட்டோ சத்தத்துக்கு நடுவே ஃபாரூக்கின் குரல் வந்தது.

“அண்ணே, படி ஈரமா இல்லைன்னு சித்தப்பாவே சொல்லிட்டாரு. உங்க மேல தப்பு இல்லண்ணே.”

“அதை எழுத்துல தருவாங்களா, பாப்பா?” என்று கேட்டார் ஃபாரூக்.

கவிப்ரியா சந்திரமதியைப் பார்த்தாள்.

“வாங்காம விட மாட்டேன்னு சொல்லு,” என்றாள் சந்திரமதி.

மேலே நூலக அறையில், கவிப்ரியா அனுப்பிய மூலப் பிரதியை அதீஃப் தன் கைப்பேசியில் திறந்து நூருன்னிசாவிடம் கொடுத்திருந்தான். அவர் மேடைக்குப் போனதும் சிரிப்பு மறுபடி கிளம்பியது. அவர் அது அடங்கும்வரை காத்திருக்கவில்லை.

“உங்க கையில இருக்கிற முடிவு நான் எழுதினது இல்ல. இது நான் எழுதினது. பிடிக்கலைன்னா இதுக்காகத் திட்டுங்க. வாங்கிக்கிறேன்.”

வாசித்தார். மைத்துனன் படிக்கட்டில் நிற்கிறான். கீழே தியாகு அவன் பெயரைச் சொல்கிறார். அவன் கைப்பிடிச் சுவரைத் தொடுகிறான். இறங்குகிறான். அவரைத் தாண்டி இறங்குகிறான். துப்பறிவாளர் அவனைக் கண்டுபிடிக்கும்போது அவன் ஓடவில்லை, மறுக்கவில்லை. ‘எனக்கு அவசரமா இருந்துச்சு’ என்கிறான். அதோடு நாவல் முடிந்தது.

முஸ்கான் கையை உயர்த்தினாள். குரலில் பழைய ஏளனம் இல்லை, ஒரு தவிப்பு இருந்தது.

“அவ்ளோதானா, ஆன்ட்டி? முதல்ல இருந்து நமக்குச் சந்தேகம் இருந்த அதே ஆள்தானா? ட்விஸ்ட்டே இல்லையா?”

“இல்ல.” நூருன்னிசா கைப்பேசியைக் கீழே வைத்தார். “கூப்பிட்டது கேட்டுச்சு. போயிட்டான். இதுக்கு மேல உனக்கு என்னம்மா திருப்பம் வேணும்?”

முஸ்கான் கையை இறக்கினாள். தன் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, கிழித்து எடுத்தாள். பிறகு எழுந்து மேடைக்கு வந்து, மீதியை நீட்டினாள்.

“இதுல கையெழுத்துப் போடுங்க, ஆன்ட்டி.”